பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டிய நாய்

1. பஸ் ஸ்டாண்டில் கூட்டம்

அன்று காலை ஆஸ்பத்திரியில் ஓர் எருமையின் மடியைப் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மடிநோய். பாலோடு சீழும் வந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் கண்ணுசாமி கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

“சார், ஜல்தி வாங்க! பஸ் ஸ்டாண்டுல வடைக்கார அஞ்சலையோட நாயிக்கு வெறி புடிச்சிடுச்சாம். மண்டிக்காரரைக் கடிச்சிடுச்சி. ஆளாளுக்குக் கழி எடுத்துக்கினு நிக்கிறானுங்க.”

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டிவனத்துக்கு நான் மாட்டு டாக்டராக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் விழுப்புரம். அங்கே நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே பெரிய டாக்டர் எனக்குச் சொன்ன புத்திமதி இதுதான்: “யாராவது நாயைக் கொண்டாந்தா கேட்டோட திருப்பி அனுப்பிடு. உழுறதும் கறக்கிறதும்தான் நம்ம கேஸு.” அவரும் எனக்கு முன்னால், நாய் வைத்தியமும் சேர்ந்த அதே பரீட்சையை எழுதித் தேறியவர். தேறிய பிறகு நாய்க்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். அன்றைக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்தவன் வேறென்ன செய்வான்?

கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஓடினேன். கண்ணுசாமி கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அஞ்சலையை எனக்குத் தெரியும். புதுச்சேரி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து வடை சுட்டு விற்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச வரும். ஆனால் அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு மாதிரி வரும் என்பதால், அவள் வாயைத் திறந்தாலே சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். அதனால் அவள் பேசுவதையே விட்டிருந்தாள். நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பதிலைக் கையால் சொல்வாள்.

அவளுடைய நாய் வெள்ளை நிறம். அதனால் அதற்கு ‘துரை’ என்று பெயர். பின்னால் யாராவது வந்து வடை கேட்டால் துரை அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கும். பஸ் ரிவர்ஸ் எடுத்தால் எழுந்து அவள் மேலேயே மோதும். வீட்டில் யாராவது கதவைத் தட்டினாலும் அப்படித்தான். யாரும் பழக்கிக் கொடுத்ததில்லை. கூப்பிட்டால் இவளுக்குக் கேட்காது என்பதை அதுவே கண்டுகொண்டு, அதுவே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தது.

நான் போனபோது அஞ்சலை தரையில் உட்கார்ந்து துரையை மடியோடு அணைத்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். சுற்றி முப்பது நாற்பது பேர். நாயின் வாய் பிளந்தபடியே இருந்தது. நுரையும் ரத்தமுமாக எச்சில் ஒழுகியது.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த தணிகாசலம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து போர்டு மெம்பர் அவர். வாயைத் திறந்துகொண்டு வழியில் நின்ற நாயைச் செருப்புக் காலால் உதைத்திருக்கிறார். அது திரும்பிப் பல்லைப் பதித்துவிட்டது. யாரோ அந்தக் காயத்தில் மிளகாய்த்தூளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

“அத மொதல்ல எடுங்க!” என்று கத்தினேன். “சோப்பு போட்டு, தண்ணியை மேல ஊத்திக்கினே நல்லாக் கழுவுங்க. கழுவிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கணும்.”

“அது கெடக்கட்டும் டாக்டரே. மொதல்ல அந்த நாயை அடிக்கச் சொல்லு.”

“நாய அடிக்கக் கூடாதுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன். கடிச்ச நாயைக் கட்டி வெச்சிப் பத்து நாள் பாக்கணும். வெறி இருந்தா அதுக்குள்ள செத்துடும். சாகாம நல்லா இருந்துச்சின்னா கடிச்ச அன்னைக்கு அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு மிச்ச ஊசி தேவையில்ல. இப்ப அடிச்சிப் போட்டா யாரு வந்து சொல்றது?”

கூட்டத்தில் ஒருவன், “நாயிக்கு வக்கீலு வந்துட்டாருடா” என்றான். சிரிப்பு. ஒரு மனிதனின் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், அதற்குச் சிரிப்பு.

2. வாய்க்குள் இருந்தது

இதை இளம் டாக்டர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்தால் முதல் சந்தேகம் வெறியாகத்தான் இருக்க வேண்டும். ‘ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது’ என்று வெறுங்கையை வாய்க்குள் விட்டுச் செத்தவர்கள் நம் தொழிலில் உண்டு. வெறியில் தாடை நரம்பு செயலிழந்தாலும் வாய் இப்படித்தான் தொங்கும்.

நான் அஞ்சலையின் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தாள். ‘கொல்ல மாட்டேன், என்னிடம் கொடு’ என்று உதட்டாலும் கையாலும் சொன்னேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் கையாலேயே கயிற்றை நாயின் கழுத்தில் மாட்டினாள்.

அவளுடைய முந்தானையெல்லாம் அதன் எச்சில். குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையையும் முகத்தையும் கழுவ வைத்து, கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருந்தாலும் அவளையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காயம் இல்லாததால் ஊசி வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கன்றுக்குட்டிகளை வைக்கும் கொட்டடி ஒன்று இருந்தது. சுவரும் இரும்புக் கம்பிக் கதவும் உள்ளது. நாயை அங்கே கொண்டுபோனோம். மாடு கன்று ஈனும்போது நாங்கள் போடும் நீளமான ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். மேல் தாடையில் ஒரு துணி வளையம், கீழ்த் தாடையில் ஒன்று. கண்ணுசாமி எட்ட நின்று இரண்டையும் இழுத்துப் பிடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, அண்ணத்தின் குறுக்கே ஆட்டெலும்புத் துண்டு ஒன்று ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. சுற்றிலும் புண். நீளப் பிடி இடுக்கியால் அசைத்து அசைத்து எடுத்தேன்.

எலும்பு வந்ததும் துரை வாயை மூடியது. நாலைந்து தடவை நாக்கைச் சுழற்றியது. தண்ணீர் வைத்தோம். சட்டி காலியாகிற வரை நிமிரவில்லை.

கண்ணுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க சார், இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா மண்டையப் பொளந்திருப்பானுங்க.”

“எலும்புதான் காரணம்னு நான் நம்புறேன். ஆனா எலும்பு இருக்கிற நாயிக்கு வெறியும் இருக்கக்கூடும். பத்து நாள் கட்டாயம் பாக்கணும்” என்றேன். கதவுக்குப் பூட்டுப் போட்டோம்.

இனிமேல் நாய்க்கு வேக வைத்த எலும்பைப் போடாதே என்று அஞ்சலைக்குச் சொல்லப் போனேன். அவள் போட்டதில்லை என்று அப்புறம் தெரிந்தது. மண்டிக்குப் பக்கத்து மிலிட்டரி ஓட்டலில் இலையோடு தெருவில் கொட்டிய எலும்பு. வேகாத எலும்பைப் பெரும்பாலும் நாய் கடித்து நொறுக்கிவிடும். வெந்தது சில்லுச் சில்லாக உடைந்து, வாயிலோ தொண்டையிலோ குடலிலோ குத்தி நிற்கும்.

3. இரண்டு நாய்கள்

கொட்டடியில் துரைக்கு எந்தக் குறையும் இல்லை. அஞ்சலை தினமும் மத்தியானம் வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஒரு தூக்குப் போணியில் கேப்பைக் களியும் மோரும் கொண்டு வருவாள். உள்ளே விட முடியாது. கம்பிக்கு வெளியே குந்திக்கொண்டு அது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெருவில் வளர்ந்த நாய் என்றுதான் பெயர். உடம்பில் ஓர் உண்ணி கிடையாது. காது மடலைத் திருப்பிப் பார்த்தால் சுத்தம். விரலிடுக்கில்கூட எதுவும் இல்லை. எப்படி என்று கேட்டேன். வேப்பெண்ணெய் தடவி, ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவதாகக் கையால் செய்து காட்டினாள். இதற்குப் பெரிய மருத்துவம் எதுவும் வேண்டாம். தினம் பத்து நிமிஷம் அதன் பக்கத்தில் உட்கார மனசு வேண்டும். அப்படித் தடவிக் கொடுக்கிற கைக்குத்தான் கட்டியோ காய்ச்சலோ முதலில் தெரியும். அந்த நேரத்தில் நாய்க்கு மட்டும் நன்மை என்று நினைக்காதீர்கள். பேச்சுத் துணை இல்லாத அஞ்சலைக்கு அந்தப் பத்து நிமிஷம் என்னவாக இருந்தது என்பது கம்பிக்கு வெளியே அவள் குந்தியிருந்ததைப் பார்த்த எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் தணிகாசலத்தைப் பார்க்க மண்டிக்குப் போனேன். நாய் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அந்தக் காலத்து வெறிநாய் ஊசி தொப்புளைச் சுற்றிப் பதினாலு. தினம் ஒன்று. போட்ட இடமெல்லாம் வீங்கும்.

மண்டி வாசலில் அவருடைய சீமை நாய். அல்சேஷன். மெட்ராஸிலிருந்து பெருமையாக வாங்கி வந்தது. ஒரு முழச் சங்கிலியில் வெயிலில் கட்டிக் கிடந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. நாற்றம் அடிக்கவே கிட்டப் போய்ப் பார்த்தேன். குட்டியாக இருந்தபோது போட்ட கழுத்துப்பட்டையை மாற்றவே இல்லை. தோல் கிழிந்து பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. உள்ளே புழு.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கண்ணுசாமியைக் கூப்பிட்டு அனுப்பி, அங்கேயே பட்டையை அறுத்து எடுத்து, டர்பன்டைன் விட்டுப் புழுவை எல்லாம் வெளியே எடுத்தேன். மண்டிக்கு வந்த விவசாயிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“காவலுக்கு ஒரு நாய வாங்கிக் கட்டிட்டீங்களே, அதுக்குக் கழுத்து வளரும்னு தெரியாதா உங்களுக்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“என் நாயி, என் சங்கிலி. உனக்கு இன்னாத்துக்கு?” என்றார். “அந்தச் செவிட்டுச்சி நாயை என்னைக்கு அடிக்கப் போறே, அதச் சொல்லு. கடிச்ச நாயி உயிரோட இருக்கிற வரைக்கும் விஷம் ஏறிக்கினே இருக்குமாமே.”

“யாருங்க சொன்னது?”

“எல்லாரும் சொல்றாங்க.”

உட்கார்ந்து, நாயின் வாயில் எலும்பு மாட்டியிருந்ததையும் சொல்லி, மறுபடியும் பொறுமையாக விளக்கினேன். அது செத்தால் உங்களுக்கு நஷ்டம், அது பிழைத்தால் உங்களுக்கு லாபம் என்று வியாபாரிக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். தலையை ஆட்டினார்.

4. நான் மரக்காணம் போன அன்று

ஆறாம் நாள் மரக்காணம் பக்கத்தில் மாடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி கேம்ப். விடிந்ததும் போய்விட்டு மூன்றரை மணிக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் கண்ணுசாமி சட்டை கிழிந்து உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போன பிறகு, பஞ்சாயத்து போர்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர் நாலு ஆட்களோடு வந்திருக்கிறார். ‘டவுனில் வெறிநாயை வைத்திருக்கக் கூடாது, மெம்பர் சொல்லிவிட்டார்’ என்று சொல்லியிருக்கிறார். கண்ணுசாமி சாவியைத் தர மறுத்துக் கதவில் போய் நின்றிருக்கிறார். அவரை இழுத்துத் தள்ளிவிட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். துரை வாலை ஆட்டிக்கொண்டே வெளியே வந்ததாம். மறுபடியும் சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்திருக்கும். கடப்பாரையால் தலையிலேயே அடித்திருக்கிறார்கள்.

சைக்கிளைத் திருப்பி நேரே போர்டு ஆபீசுக்குப் போனேன்.

“உடம்பு எங்கே?”

“குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைச்சாச்சி சார்.” இன்ஸ்பெக்டர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

“மூளை கெடாம இருந்திருந்தா ஐஸ்ல வெச்சி மெட்ராசுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணியிருக்கலாம். தலையை நொறுக்கிச் சுண்ணாம்பு வேற கொட்டிட்டீங்க. உங்க மெம்பருக்கு வெறி வருமா வராதான்னு இனிமே எவனாலயும் சொல்ல முடியாது. புரியுதா?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “ஒரு தெருநாயிக்கு இவ்ளோ பேஜாரா சார்?”

இதே ஆபீஸ்தான் வருஷா வருஷம் கருவாட்டில் எட்டிக்கொட்டை விஷம் வைத்துத் தெருத் தெருவாகப் போட்டது. விறைத்துத் துடித்துச் சாகும் நாய்களைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போவார்கள். அப்படிச் செய்தும் ஊரில் வெறி குறைந்ததா? இல்லை. கொன்ற இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வந்தது. வெறியைக் குறைக்கிற வழி நாய்க்கு ஊசி போடுவது. அந்த மருந்துக்குப் பணம் கேட்டால் போர்டில் இருக்காது. விஷத்துக்கு மட்டும் இருக்கும்.

சாயங்காலம் தணிகாசலமே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அவரிடம், நாய் போய்விட்டதால் பதினாலு ஊசியும் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

“எலும்புதான் காரணம்னு நீங்கதான சொன்னீங்க. வெறி இல்லன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். வயிறு பாறாங்கல்லா ஆயிடுச்சி. தாங்க முடியல.”

முதல் முறையாக மரியாதையாகப் பேசினார்.

“எழுத மாட்டேன். இன்னும் நாலு நாள் அந்த நாயி உயிரோட இருந்திருந்தா சந்தோஷமா எழுதியிருப்பேன். இப்ப நான் எழுதிக் குடுத்து, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா? ஊசிய முழுசாப் போட்டுக்கோங்க. வேற வழி நீங்க வெக்கல.”

5. அஞ்சலையின் குரல்

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வழக்கம் போலப் போணியோடு வந்தாள். உடைந்த பூட்டையும் காலிக் கொட்டடியையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நல்ல செய்தியைக் கையால் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? நான் உதட்டை அசைப்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. தரையில் கழுவியும் போகாத கறையைக் காட்டி, ‘யார்?’ என்று கையை விரித்தாள். கண்ணுசாமி வாயசைத்துப் பெயரைச் சொன்னார்.

போணியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நானும் கண்ணுசாமியும் பின்னாலேயே போனோம். மண்டியில் மல்லாட்டை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்காரர்கள், எடை போடுகிறவர்கள், தரகர்கள் என்று நல்ல கூட்டம். தணிகாசலம் கட்டிலில் படுத்திருந்தார். அவள் எதிரில் போய் நின்று வாயைத் திறந்தாள்.

“எங் காத அறுத்துட்டியே!”

அந்த ஊரில் பலர் அவள் முழுசாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதே இல்லை. எவ்வளவு உரக்கக் கத்துகிறோம் என்பது அவளுக்கே தெரியாது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

“பஸ்ஸு வந்தா அதுதான சொல்லும்? கதவத் தட்டுனா அதுதான சொல்லும்? அது ஒன்ன இன்னா பண்ணுச்சி? வாயி வலிச்சி நின்னுச்சி. ஒதைச்சது நீ. கடிச்சிச்சி. எங் காத அறுத்துட்டியே! குடுய்யா. எங் காதக் குடு!”

ஒருவனும் சிரிக்கவில்லை. தணிகாசலம் எழுந்து உட்கார்ந்தார். ‘தப்புதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உதட்டை அசைத்திருந்தாலே போதும், அவளுக்குப் புரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. வண்டிக்காரர் ஒருவர்தான், “வாம்மா, வா” என்று அவளை வெளியே கூட்டி வந்தார்.

மறுவாரம் அஞ்சலை தன் அடுப்பைப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எடுத்துவிட்டாள். எதிரில் கிடங்குச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் எதுவும் வர முடியாதபடி. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஜனங்கள் கண்ணுக்கு அங்கே கடை படாது. வியாபாரம் பாதியாகப் போயிற்று. துரை செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று அந்தச் சுவர் எனக்குச் சொன்னது. ‘நாய்தானே’ என்று பேசுகிற ஒவ்வொருவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று தோன்றும்.

நான் மேலதிகாரிகளிடம் புகார் சொன்னேன். அரசாங்க ஆஸ்பத்திரிப் பூட்டை உடைத்தது குற்றம் என்றேன். போர்டுக்காரர்கள் பூட்டுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார்கள். சில மாதத்தில் எனக்கு மறுபடியும் விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. அதற்குள் ஒரு காரியம் செய்தேன். அஞ்சலையையும் அந்த வண்டிக்காரரையும் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் நாய்களுக்கெல்லாம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டேன். நாய்களைப் பிடித்துக் கொடுத்தது அஞ்சலைதான். அவள் கையில் எந்த நாயும் முரண்டு பிடிக்கவில்லை. அதில் ஒரு செவலைப் பெட்டைக்குட்டி அவளோடேயே போய்விட்டது என்று கண்ணுசாமி பிறகு சொன்னார். அடுப்பு பழைய இடத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்றாம்.

6. அனந்தபுரத்திலிருந்து வந்த வண்டி

விழுப்புரத்தில் இந்த முறை நான்தான் பெரிய டாக்டர். சனிக்கிழமை காலையில் நாய்களையும் பார்ப்போம் என்று போர்டு எழுதி மாட்டினேன். கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். குடற்புழு மருந்து, சொறிக்கு கந்தகக் களிம்பு, வெறிநாய்த் தடுப்பூசி. கிராமத்துச் சந்தைகளுக்குப் போகும்போதெல்லாம் திண்டிவனத்துக் கதையைச் சொல்வேன். கடித்த நாயைக் கொல்லாதே, கட்டிப் போடு, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஊசியை உடனே ஆரம்பி. இந்த நாலையும் தொண்டை வற்றச் சொன்னேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு கட்டை வண்டி வந்தது. வண்டிக்குள் மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கட்டி, அதற்குள் ஒரு பழுப்பு நாய். ஓட்டி வந்தவர் ஒரு விவசாயி. கையில் சின்னப் பல் குறி.

“எங்க ஊட்டு நாயிதாங்க. சும்மா வெளையாடிக்கினு இருக்கச்ச கடிச்சிச்சி. ஊர்ல அல்லாரும் சிரிக்கிறாங்க, இதுக்குப் போயி வண்டி கட்டிக்கினு போறியான்னு. நீங்கதான் சந்தையில சொன்னீங்களே, கொல்லாம இட்டாரணும்னு.”

நாய் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்தது. அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசியை ஆரம்பிக்கச் சொன்னேன். நாயைக் கொட்டடியில் விட்டேன்.

இரண்டாம் நாள் அது குரல் மாறிக் குரைத்தது. மூன்றாம் நாள் மரக்கட்டையைக் கடித்தது. நான்காம் நாள் செத்தது. மூளையைப் பத்திரமாக எடுத்து அனுப்பினோம். வெறிதான் என்று பதில் வந்தது.

அந்த விவசாயிக்கு ஊசியின் வலி தாங்காமல் பாதியில் ஊருக்குப் போய்விடும் எண்ணம் இருந்திருக்கிறது. நாய் செத்த செய்தியை நான் நேரில் போய்ச் சொன்ன பிறகு வாயைத் திறக்காமல் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டார். பிழைத்தார். அந்த நாயை வீட்டிலேயே அடித்துப் புதைத்திருந்தால், ‘சும்மா விளையாட்டுக் கடி’ என்று அவர் களையெடுக்கப் போயிருப்பார். சில வாரங்களில் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்திருப்பார்.

நான் ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஆகிவிட்டன. கூட்டமாகக் கழி எடுத்துக்கொண்டு ஓடும் ஜனங்களை இன்னும் பார்க்கிறேன். இளம் டாக்டர்களே, அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். சிரிப்பார்கள், மாற்றல் போடுவார்கள். நின்றுகொண்டே இருங்கள். அங்கே நீங்கள் காப்பாற்றுவது நாயை மட்டும் இல்லை. கழியைப் பிடித்திருக்கிறானே, அவனையும்தான்.